சட்டையில் ஒட்டி வந்த தூசி



பிரிட்ஜ்வாட்டர் பாலாஜி கோயிலுக்குப் போகாத நியூ ஜெர்சி தமிழ்ப் பிள்ளை அநேகமாகக் கிடையாது. சாமி கும்பிடாத வீடாக இருந்தாலும் கான்டீன் தோசைக்காகவாவது போயிருப்போம். அந்தக் கோயிலிலிருந்து சில மைல் தெற்கே மேன்வில் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு கம்பெனி: ஜான்ஸ்-மேன்வில். ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி. நம் ஆட்கள் இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால், போலந்திலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே வேலை பார்த்து, வீடு வாங்கி, நுரையீரல் போய்ச் செத்தார்கள். 1982 ஆகஸ்டில் கம்பெனி திவால் மனு போட்டது. கையில் காசில்லாமல் போட்ட மனு இல்லை. தொழில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வழக்குகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. அந்தத் திவாலில் பிறந்த அறக்கட்டளை இன்றும் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் கொடுக்கிறது. ஒத்துக்கொண்ட நஷ்ட ஈட்டில் டாலருக்குப் பத்து சென்ட்கூடத் தேறாது.

இந்த மாதத் தலையங்கம் அந்த ஆலையைப் பற்றி இல்லை. அந்த மாதிரி ஆலைகளிலிருந்து வீட்டுக்கு வந்த சட்டையைப் பற்றி, அதைத் துவைத்தவர்களைப் பற்றி.

நியூ ஜெர்சியின் தென்மேற்குப் பக்கம், டெலவேர் ஆற்றங்கரையில் பால்ஸ்பரோ. பின்னாளில் எக்ஸான் மொபில் ஆன கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை அங்கே இருந்தது. யூனியன் மூலம் அங்கே வேலைக்குப் போன ஒரு வெல்டர், ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிந்த உடையோடு வீட்டுக்கு வருவார். மனைவி அதை உதறித் துவைப்பார். பல வருஷம். 2000இல் மனைவிக்கு மீசோதீலியோமா என்று தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வருவது. அடுத்த வருஷம் இறந்துபோனார்.

வழக்கில் கம்பெனி சொன்ன பதில் எளிமையானது. எங்கள் கடமை எங்கள் வளாகத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும். அந்த அம்மா எங்கள் ஆளும் இல்லை, எங்கள் இடத்துக்கு வந்தவரும் இல்லை. 2006 ஜூலையில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பாதுகாப்பு இல்லாமல் வேலை செய்தவரின் உடையில் தூசி ஒட்டும், உடை வீட்டுக்குப் போகும், வீட்டில் ஒருவர் அதைத் துவைப்பார். இதை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும், ஆகவே அந்த மனைவிக்கும் கம்பெனி கவனக் கடமை பட்டிருக்கிறது என்றது. ஒலிவோ வழக்கு என்று அதற்குப் பெயர்.

கவனக் கடமை என்பது சட்டப் புத்தகத் தமிழ். என் அம்மாவிடம் 'டியூட்டி ஆஃப் கேர்' என்று சொன்னால் நைட் டியூட்டியா என்று கேட்பார். விஷயம் கஷ்டமில்லை. ஒருவருடைய அலட்சியத்தால் உங்களுக்கு அடிபட்டால் கோர்ட் நாலு கேள்வி கேட்கும். அவருக்கு உங்கள் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டிய கடமை இருந்ததா? அதை மீறினாரா? அந்த மீறலால்தான் இது நடந்ததா? நடந்தது சட்டம் கணக்கில் எடுக்கிற சேதமா? நாலுக்கும் ஆமாம் என்று வந்தால்தான் நஷ்ட ஈடு. பின்னால் வரும் மூன்றையும் ஆதாரம் வைத்துச் சண்டை போடலாம். முதல் கேள்வி வேறு ஜாதி. கடமை உண்டா இல்லையா என்பதை அநேகமாக நீதிபதியே முடிவு செய்வார், ஜூரியின் முன் போகவே போகாது. 'இல்லை' என்று வந்தால் உங்கள் எக்ஸ்ரேயை யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

இந்தக் கேள்வியின் நவீன வடிவம் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் ஒரு ஜிஞ்சர் பியர் பாட்டிலில் தொடங்கியதாகச் சொல்வார்கள். பாட்டிலுக்குள் அழுகிய நத்தை இருந்ததாக மே டொனஹ்யூ சொன்னார். பாட்டிலுக்குக் காசு கொடுத்தது அவருடைய சிநேகிதி, அதனால் ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. 1932இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய எல்லாரும் சட்டத்தின் கண்ணில் நமக்கு அண்டை வீட்டார்தான் என்று லார்ட் அட்கின் எழுதினார். சட்ட வகுப்புகளில் நத்தையை வைத்து ஜோக் அடிக்கிறார்கள். (நத்தை இருந்ததா என்று கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை.) கடை ஊழியரான டொனஹ்யூ, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டக் காசில்லை என்று சொல்லி, தன்னை ஏழை என்று அறிவிக்கும் மனு போட்டுத்தான் அந்தச் சபைக்கே போக முடிந்தது என்பதைக் குறைவாகத்தான் சொல்கிறார்கள்.

சரி, அண்டை வீட்டார் எதுவரை? நம் வாசகர்கள் அதிகம் இருக்கிற மூன்று மாநிலமும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

கலிஃபோர்னியாவில் 2016 டிசம்பரில் கெஸ்னர் தீர்ப்பு. அலமீடா கவுண்டி கோர்ட்டிலிருந்து மேலே போன வழக்கு, பே ஏரியா தோழர்கள் கவனிக்க. பிரேக் லைனிங் ஆலையில் வேலை பார்த்த மாமா வீட்டில் வாரத்துக்குச் சில இரவு தங்கிய பையனுக்கு, பிற்பாடு மீசோதீலியோமா வந்தது. மாநில உச்ச நீதிமன்றம், நீதிபதி குட்வின் லியூ எழுதிய தீர்ப்பில், தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள்வரை கடமை உண்டு என்றது. அதற்கு அப்பால் கிடையாது. ஒரே காரில் வேலைக்குப் போனவர், அடிக்கடி வந்துபோன நண்பர், யாரும் இல்லை. எங்காவது கோடு போடாவிட்டால் வழக்குகள் பெருகிவிடும் என்ற பயம்.

நியூ ஜெர்சி அதே வருஷம் வேறு மாதிரி யோசித்தது. அக்யுரேட்டஸ் என்ற கம்பெனி மேல் போட்ட பெரிலியம் வழக்கில் பாதிக்கப்பட்ட பெண், தொழிலாளியை அப்போது கல்யாணம்கூடப் பண்ணவில்லை. காதலனும் அவனுடைய ரூம்மேட்டும் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள், இவர் அவர்கள் அபார்ட்மென்ட்டுக்கு வந்துபோவார், சுத்தம் செய்வார். மனைவி என்ற சொல்லில் கோடு போட முடியாது, ஒவ்வொரு வழக்காகப் பார்க்க வேண்டும் என்றது அந்த நீதிமன்றம். எடிசனில் ஒரு ஃபிளாட்டில் ஆறு பேர் தங்கி, துணியை ஒரே மெஷினில் போட்டு வளர்ந்த சமூகம் நாம். எந்தத் தீர்ப்பு நம் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டெக்ஸஸில் கதவு சாத்திக் கிடக்கிறது என்றே சொல்லலாம். ராக்டேலில் இருந்த அல்கோவா அலுமினிய ஆலையில் கணவர் வேலை பார்த்தது 1950களில். மனைவி துவைத்தார், நோய் வந்தது, ஜூரி அவர் பக்கம் நின்றது. 2007இல் டல்லாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம்: வீட்டுக்கு வரும் தூசியால் நோய் வரும் என்று காட்டிய ஆய்வு 1965இல்தான் வெளிவந்தது, ஆகவே 50களில் கம்பெனி அதை ஊகித்திருக்க முடியாது.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. கவனக் கடமை ஊகிக்க முடிந்ததைப் பொறுத்தது என்றால், ஊகிக்க முடிந்தது தெரிந்ததைப் பொறுத்தது. தெரிந்துகொள்ளும் வசதி யாரிடம் இருந்தது? ஆலைக்குச் சொந்தக்காரரிடம். மருத்துவரை வேலைக்கு வைத்தது அவர், தூசியை அளக்கும் கருவி வாங்கக்கூடியது அவர், ஆய்வுக்குக் காசு கொடுப்பதும் கொடுக்காததும் அவர். 1898லேயே பிரிட்டனில் லூசி டீன் என்ற தொழிற்சாலை ஆய்வாளர் ஆஸ்பெஸ்டாஸ் தூசி ஆபத்தானது என்று அரசு அறிக்கையில் எழுதியிருந்தார். 1935இல் ரேபெஸ்டாஸ்-மன்ஹாட்டன் தலைவர் சம்னர் சிம்ப்சன், ஜான்ஸ்-மேன்வில் வக்கீலுக்கு எழுதிய கடிதத்தில், ஆஸ்பெஸ்டாஸைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசப்படுகிறதோ அவ்வளவுக்கு நமக்கு நல்லது என்ற கருத்தை எழுதினார். பேசாமல் இருந்தால் ஆய்வு வராது. ஆய்வு வராவிட்டால் தெரியாது. தெரியாவிட்டால் கடமை இல்லை. 1950களில் யாருக்கும் தெரியாது என்று 2007இல் ஒரு நீதிமன்றம் சொல்லும்போது, அந்தத் தெரியாமையை யார் உழைத்து உருவாக்கினார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

அந்தக் கடிதங்கள் 1970களில் எப்படி வெளியே வந்தன? பத்திரிகையாளர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தொழிலாளர்கள் போட்ட நஷ்ட ஈட்டு வழக்கில், ஆவணங்களைக் கொடு என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் வழியாக வந்தன.

இதை நம் குழுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விவாதத்துக்காகச் சொல்கிறேன். நஷ்ட ஈட்டுச் சட்டம் முதலாளித்துவத்தின் செஃப்டி வால்வ், ஒவ்வொரு சாவையும் தனித்தனிக் காசோலையாக மாற்றி இயக்கத்தை உடைக்கிறது, வக்கீல் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். இந்த வாதத்தில் பெரும்பகுதி சரிதான். ஆனால் அதன் மறுபக்கத்தில் இன்னொரு குரல் கேட்கிறது, அது நம் அங்கிள்களின் குரல். "அமெரிக்காவுல காபி கொட்டினாக்கூட கேஸ் போட்டு மில்லியனர் ஆயிடறாங்கப்பா." இந்தக் கதை எங்கிருந்து வந்தது? 1992இல் நியூ மெக்ஸிகோவில் ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டி மேல் மெக்டொனால்ட்ஸ் காபி கொட்டியது. மூன்றாம் நிலைத் தீக்காயம், தோல் ஒட்டு அறுவைசிகிச்சை. அவர் முதலில் கேட்டது 20,000 டாலர். கம்பெனி தர முன்வந்தது 800. வழக்கு விசாரணையில், முந்தைய பத்து வருஷத்தில் 700க்கும் மேற்பட்ட தீக்காயப் புகார்கள் கம்பெனிக்கு வந்திருந்தது வெளிப்பட்டது. ஜூரி கோபப்பட்டது காபிக்காக இல்லை, அந்த 700க்காக. ஜூரி விதித்த பெரிய தொகையை நீதிபதி குறைத்தார், பிறகு சமரசத்தில் முடிந்தது. ஆனால் கம்பெனிகளின் லாபிகள் அந்த மூதாட்டியைக் கேலிப்பொருளாக்கி, மாநிலம் மாநிலமாக நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு கேட்டார்கள். டெக்ஸஸில் 2003இலிருந்து, மருத்துவர் அலட்சியத்தால் பட்ட வலிக்கும் வேதனைக்கும் மருத்துவர்களிடம் 250,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது. நாம் 'செஃப்டி வால்வ்' என்று தூக்கிப்போடும் அதே சட்டத்தை, அவர்கள் இவ்வளவு காசு செலவழித்துச் சுருக்கப் பார்க்கிறார்கள். ஏன் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

போபாலைப் பற்றி நம்மில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1986இல் நியூயார்க் நீதிபதி வழக்கை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார், 1989இல் 47 கோடி டாலரில் முடித்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: கொடைக்கானல்.

நம்மில் பலர் அதை 2015இல் சோஃபியா அஷ்ரஃப்பின் ராப் வீடியோவில்தான் முதலில் கேட்டோம். பின்கதை இது. சீஸ்ப்ரோ-பாண்ட்ஸ் தன் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையை நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனிலிருந்து 1980களில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனது. பிறகு அது யூனிலீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊர் மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும், மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்த டன் கணக்கான பாதரசக் கண்ணாடிக் கழிவை ஊருக்குக் காட்டினார்கள். அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. 2003இல் கிட்டத்தட்ட 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே, பென்சில்வேனியாவுக்கு, திரும்பி வந்தது. குப்பைக்குக் கிடைத்த திரும்பும் உரிமை, வேலை செய்தவர்களின் உடம்பில் ஏறியதற்குக் கிடைக்கவில்லை. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் தரப்பு, தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களின் குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கு ஆதாரம் இருக்கிறது என்றது. நிறுவனம் தொடக்கத்திலிருந்தே உடல்நலப் பாதிப்பு எதையும் மறுத்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் ஆனது. தொகை வெளியிடப்படவில்லை.

அந்தப் பணத்துக்கு நிறுவனம் வைத்த பெயரைப் பாருங்கள்: மனிதாபிமான அடிப்படையில் தரும் கருணைத் தொகை. நஷ்ட ஈடு என்று சொன்னால் கடமை இருந்தது, மீறினோம், அதனால் சேதம் வந்தது என்று மூன்று வாக்கியம் பின்னால் வரும். கருணைத் தொகைக்குப் பின்னால் எதுவும் வராது. பதினைந்து வருஷம் போராடியவர்கள் அதை வாங்கிக்கொண்டது அவர்கள் உரிமை, அதை நியூ ஜெர்சியில் உட்கார்ந்து குறை சொல்ல நான் யாரும் இல்லை. ஆனால் ஒலிவோ வழக்கில் துவைத்தவருக்கும் கடமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் பெயர் சொல்லி எழுதியதால், அடுத்த ஆலையின் அடுத்த மனைவி அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போக முடிகிறது. கொடைக்கானல் ஒப்பந்தத்தை அப்படிக் கையில் பிடிக்க முடியாது. அப்போது யூனிலீவரின் அமெரிக்கத் தலைமையகம் இருந்தது நியூ ஜெர்சியின் இங்கிள்வுட் கிளிஃப்ஸில், ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்குப் பக்கத்தில்.

சேதத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பது தனி அசிங்கம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட குழந்தை பெரியவளானால் எவ்வளவு சம்பாதித்திருப்பாள் என்று கணக்குப் போட, இங்கே நிபுணர்கள் இனவாரி, பால்வாரி வருமான அட்டவணைகளைப் பயன்படுத்திவந்தார்கள். கறுப்பினச் சிறுமிக்கு வெள்ளையினச் சிறுவனைவிடக் குறைவு. சமூகம் கொடுத்த குறைந்த கூலி, விபத்துக்குப் பிறகும் தொடர்ந்து வந்து குறைத்தது. கலிஃபோர்னியா 2019இல் சட்டம் போட்டு, 2020 ஜனவரியிலிருந்து இனம், பால் காட்டி வருமான இழப்பைக் குறைப்பதை நிறுத்தியது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2021இல் கீர்த்தி வழக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் உழைப்புக்கு வருமானக் கணக்கு போட்டாக வேண்டும் என்று திரும்ப வலியுறுத்தியது. துவைத்தவரின் வேலையும் வேலைதான் என்று சொல்ல நீதிமன்றங்களுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். என் அப்பா டர்ன்பைக்கில் எக்ஸிட் 8ஏ பக்கம் கிடங்கு வேலை பார்த்த வருஷங்களில், அவர் சட்டையும் எங்கள் ஸ்கூல் துணியும் ஒரே லோடில்தான் சுற்றும். எதுவும் ஆகவில்லை. அந்தக் கிடங்கில் என்ன பெட்டி, அதில் என்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை. விசா புதுப்பிக்கும் வருஷத்தில் யார் கேட்பார்கள்? ஆஸ்பெஸ்டாஸே பழங்கதை என்று நினைத்தால், அமெரிக்கா கிரைசோடைல் ஆஸ்பெஸ்டாஸைத் தடைசெய்தது 2024 மார்ச்சில்தான். தமிழ்நாட்டில் இன்னும் நம் சித்தப்பா வீட்டு மாடியில் அதே ஷீட்தான் கூரை.

நான் வக்கீல் இல்லை, பொதுச் சுகாதாரம் படிக்கிறவள். ஆனாலும் வேலையிடத்திலும் வாடகை வீட்டிலும் அமைப்பு வேலை செய்கிறவர்களுக்குச் சில விஷயம். வேலையில் அடிபட்டால் நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் முதலாளி மேல் பொதுவாக அலட்சிய வழக்கு போட முடியாது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே காப்பீட்டுப் பணம் கிடைக்கும், பதிலுக்கு வழக்கு உரிமை போகும். நியூ ஜெர்சியில் 1911இலிருந்து இந்தப் பேரம் ஓடுகிறது. பேப்பர் இல்லாத தொழிலாளிக்கும் இந்தக் காப்பீடு உண்டு, இதை மோட்டல், உணவகம், கேஸ் ஸ்டேஷன் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். டெக்ஸஸில் மட்டும் பெரும்பாலான தனியார் முதலாளிகள் இந்தக் காப்பீட்டிலிருந்து வெளியேறலாம். வெளியேறியவர் மேல் வழக்கு போடலாம், அப்போது 'நீயும்தான் கவனக்குறைவாக இருந்தாய்' என்ற வாதம்கூட அவருக்குக் கிடையாது. காப்பீடு இருக்கிறதா இல்லையா என்ற நோட்டீஸ் வேலையிடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். டெக்ஸஸ் தோழர்கள் நாளைக்கே சுவரைப் பார்க்கலாம்.

காலக்கெடு: உடல் காயத்துக்கு மூன்று மாநிலத்திலும் பொதுவாக இரண்டு வருஷம். மறைந்திருந்து வரும் நோய்க்கு வேறு கணக்கு. எதிர்த்தரப்பு அரசு அமைப்பு என்றால் மிகக் குறைவு, நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடிதம். மேனேஜரிடம் வாயால் சொன்னது சொல்லாதது மாதிரி. சீலிங் ஒழுகுகிறது, ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பிடிக்கவில்லை, டிரம்மில் லேபிள் இல்லை, எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். தேதி போடுங்கள். என்ன பார்த்தீர்கள், எங்கே, யாருக்கு ஆபத்து என்று எழுதுங்கள். துணியோடு வீட்டுக்குப் போகிற விஷயமாக இருந்தால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்கு 'தெரியாது' என்ற சொல் கிடையாது. ஒருவர் பெயரில் போடப் பயமாக இருந்தால் ஐந்து பேர் சேர்ந்து போடுங்கள். சேர்ந்து புகார் செய்தவர்களைப் பழிவாங்குவதற்கு எதிராகத் தொழிலாளர் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, யூனியன் இல்லாவிட்டாலும். அம்மா அப்பாவுக்காக எழுதுகிறீர்கள் என்றால் முதலில் தமிழில் அவர்கள் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஆங்கிலத்தில் போடுங்கள், இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு நகலை வேலையிடத்து மெயிலில் வைக்காமல் வேறொருவர் வீட்டில் வையுங்கள்.